வகுப்பில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவது: கொங்குப் பகுதி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கும் சக ஆசிரியர்கள் பயிற்சி நாட்களில் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. சில கேள்விகள் பெற்றோர் கேட்டவை. நானும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சின்ன வகுப்பு எடுப்பவள்தான். பெரும்பாலான பதில்கள் வகுப்பில் பார்த்ததிலிருந்து வந்தவை. ஆய்வுகள் சொல்வதையும் தேவையான இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

வாசித்துக் காட்டுவது என்றால், நான் ஒரு வரி படிக்க பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்களே, அதுதானே?

அது இல்லை. அது பாடத்தைப் பழக்கும் பயிற்சி, அதற்குத் தனி நேரம் இருக்கிறது. இங்கே ஆசிரியர் ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கிறார். பிள்ளைகள் கேட்கிறார்கள், படம் பார்க்கிறார்கள், தோன்றியதைப் பேசுகிறார்கள். யாரும் திருப்பிச் சொல்ல வேண்டாம், நோட்டில் எழுத வேண்டாம்.

எழுத்தே தெரியாத ஒன்றாம் வகுப்புக்குப் புத்தகம் வாசித்து என்ன பயன்?

அவர்களுக்குத்தான் முதலில் பயன். ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி ஒரு சொல்லைப் படித்து முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொல்லை அதற்கு முன்பே காது கேட்டிருந்தால்தான் "அட, இதுவா!" என்று முகம் மலரும். கேட்டே இராத சொல் என்றால், சரியாகக் கூட்டிய பிறகும் அது வெறும் சத்தம்தான்.

1986இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகவே எழுதினார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று, கேட்கும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் படித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

நம் பள்ளிகளில் முதல் திறனுக்கு நிறையச் செய்கிறோம். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அட்டை, பாட்டு, விளையாட்டு, பயிற்சி நூல் என்று எழுத்துக்கான வேலை ஒழுங்காகவே நடக்கிறது. 247 எழுத்தையும் எப்படியாவது கரையேற்றிவிடுகிறோம். ஆனால் மூன்றாம் வகுப்பில் ஒரு பத்தியைக் கடகடவென்று வாசித்துவிட்டு, "என்ன கண்ணு படிச்ச?" என்றால் பேந்தப் பேந்த விழிக்கும் பிள்ளையை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு எழுத்தில் குறையில்லை. எழுதப்பட்ட தமிழ் காதில் போதுமான அளவு விழவில்லை.

தொடக்கப்பள்ளி வயதில் ஒரு குழந்தை தானே படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது பொதுவாக அதிகம். எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதற்காகக் கதையைத் தள்ளிப் போட்டால், அந்த இரண்டு மூன்று வருடமும் வீணாகிவிடும்.

புத்தகத்தில் இருக்கும் தமிழ் எங்கள் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. நம் பேச்சுக்கு மாற்றி வாசிக்கலாமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. மாற்றாதீர்கள். புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே வாசியுங்கள்.

வீட்டில் ஒரு பிள்ளை "அம்மிச்சி பொழுதோட வந்தாங்க, சித்த நேரம் உக்காந்திருந்தாங்க" என்று சொல்லும். புத்தகத்தில் "பாட்டி மாலையில் வந்தார், சிறிது நேரம் அமர்ந்திருந்தார்" என்று இருக்கும். இரண்டும் தமிழ்தான் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது வாக்கியம் பாதிக்குமேல் புதிது. "அமர்ந்திருந்தார்" என்று யாரும் அதனிடம் பேசியதில்லை. வாக்கியம் முடியும் விதம், மரியாதை விகுதி, சொற்கள் சேரும்போது வலி மிகுவது எல்லாமே வேறு. இந்தத் தமிழை இலக்கணமாகச் சொல்லித் தந்தால் அந்த வயதில் ஏறாது. கதைக்குள் கேட்டால் ஏறும். "என்று கூறியது முயல்" என்று தினம் தினம் காதில் விழுந்த பிள்ளைக்கு, பாடத்தில் "கூறியது" வரும்போது விளக்கம் தேவைப்படாது.

நாம் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லிவிட்டால் அது கதை சொல்வது ஆகிவிடுகிறது. கதை சொல்வது அருமையான வேலை, அதையும் செய்யுங்கள். ஆனால் புத்தகம் திறந்திருக்கும்போது எழுத்தில் இருக்கும் தமிழுக்கு இடம் கொடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஒரே புத்தகத்தை இரண்டாம் முறை வாசிக்கும்போது அதே சொற்கள் அதே இடத்தில் வருவதைப் பிள்ளைகள் கவனித்துவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் கறுப்புக் கோடுகளில்தான் அந்தச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன என்பது அப்போதுதான் அவர்களுக்குப் பிடிபடும்.

புரியாமல் போனால்? வாசித்து முடித்த வரியைத் தொடர்ந்து, வாசிக்கும் குரலை விட்டுவிட்டுப் பேசும் குரலில் ஒரு வரி சொல்லுங்கள். "சோர்வுற்றது... அதுக்கு அசதியாயிருச்சு." அவ்வளவு போதும், மேலே போய்விடுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் இப்படி நிறுத்த வேண்டியிருந்தால் அந்தப் புத்தகம் அந்த வகுப்புக்கு இன்னும் சீக்கிரம். வேறு எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் பதில் பேசும்போது மட்டும் திருத்தவே கூடாது. அவர்கள் "அந்த ஆடு ஏனுங்க டீச்சர் அங்க போச்சு?" என்றுதான் கேட்பார்கள். அப்படியே கேட்கட்டும். கதையைப் பற்றி ஒரு பிள்ளை வாய் திறக்கும்போது "போனது என்று சொல்" என்றால், அடுத்த முறை அந்த வாய் திறக்காது. புத்தகம் புத்தகத் தமிழில் பேசட்டும், பிள்ளை வீட்டுத் தமிழில் பேசட்டும்.

பாடம் முடிக்கவே நேரமில்லை. இதற்கு எப்போது நேரம் ஒதுக்குவது?

15 நிமிடம் போதும். ஆனால் தினமும். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மணி நேரம் என்று வைத்தால் பயன் குறைவு, முதலில் ரத்தாவதும் அதுதான். நான் மதியச் சாப்பாடு முடிந்து வந்ததும் முதல் வேலையாக வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் கணக்குச் சொன்னால் பாதிப் பேர் கண் சொருகும், கதை என்றால் விழிப்பார்கள். கடைசி மணிக்கு முன்னால் வைக்காதீர்கள். பை கட்டும் அவசரத்தில் கதையின் முடிவு காணாமல் போகும்.

எந்தப் புத்தகம்? எங்கே கிடைக்கும்?

முதலில் உங்கள் பள்ளி பீரோவைத் திறந்து பாருங்கள், உண்மையாகவே சொல்கிறேன். 2023இல் வாசிப்பு இயக்கம் வழியாக அரசுப் பள்ளிகளுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு புத்தகங்கள் வந்தன. பல பள்ளிகளில் கட்டுப் பிரிக்காமல் இருக்கின்றன. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல் இதழ் வருகிறது. பழைய பெட்டியில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்ட நேரு பால புஸ்தகாலய வரிசை கிடந்தால் அது அதிர்ஷ்டம்.

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய உண்டு, நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. பொது உரிமத்தில் இருப்பதால் தரவிறக்கி அச்செடுத்தும் பயன்படுத்தலாம். தூளிகா பதிப்பகத்தின் படப் புத்தகங்களில் படம் பெரிதாக, தெளிவாக இருக்கும். கூட்டத்துக்கு வாசிக்க அது வசதி.

கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதுதான் எனக்குப் பிடிக்கும். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும். மக்கள் சிந்தனைப் பேரவை என்ற அமைப்பு அதை 2005இல் தொடங்கியது. ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் ஒன்று நடக்கும். பள்ளி நூலக மானியத்தில் வாங்குவதாக இருந்தால் தலைமையாசிரியரிடம் ஜூன் மாதமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கிளை நூலகம். ஒரு ஆசிரியர் உறுப்பினரானால் வகுப்புக்கே புத்தகம் வந்துவிடும். 1948இல் சென்னை மாகாணத்தில், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் நம் கோவை அவினாசிலிங்கம். சொத்து வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரியில்தான் அந்த அலமாரிகள் நிறைகின்றன. நம் பணத்தில் வாங்கிய புத்தகத்தை நம் பிள்ளைகளுக்கு எடுத்துவரத் தயங்க வேண்டாம்.

எதை எடுத்தாலும் முதல் நாள் இரவு நீங்கள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் நாக்கு தடுக்கும் வாக்கியம் பிள்ளைகள் காதிலும் தடுக்கும்.

முப்பது பேருக்கு ஒரே புத்தகத்தில் எப்படிப் படம் காட்டுவது?

பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். தரையில் பாய் அல்லது ஜமக்காளம் விரித்து நெருக்கமாக அரைவட்டமாக உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் தாழ்ந்த நாற்காலியில் உட்காருங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் புத்தகத்தின் மேல் நிழல் விழும், முகமும் தெரியாது. சன்னல் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடிக்காமல் தோளுக்குப் பக்கத்தில் திருப்பிப் பிடியுங்கள். வாசித்து முடித்த பக்கத்தை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாகக் காட்டுங்கள், அப்போது எதுவும் பேசாதீர்கள். அந்த அமைதியில்தான் படத்தில் நீங்கள் பார்க்காத ஒன்றை ஒரு பிள்ளை பார்த்துச் சொல்லும்.

எனக்கு நடிக்க வராது. குரலும் சின்னது. போதாததற்குப் பள்ளிக்குப் பக்கத்தில் தறி ஓடுகிறது.

நடிக்க வேண்டியதே இல்லை. சிங்கத்துக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல் என்று மாற்றினால் பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்துச் சிரிப்பார்கள், கதை பின்னால் போய்விடும். நிதானமாக, பேசுவதைவிடக் கொஞ்சம் மெதுவாக வாசித்தால் போதும். திருப்பம் வருவதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துங்கள். "சடசடவென", "கிடுகிடுவென" போன்ற சொற்களை மட்டும் அனுபவித்துச் சொல்லுங்கள், அவை அதற்காகவே எழுதப்பட்டவை.

தறிச் சத்தம் நிஜமான சிக்கல். பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கத்தி வாசித்தால் தொண்டைதான் போகும். தறிக்கூடத்துக்கு எதிர்ப்பக்க மூலையில், பாதி வகுப்பை முழங்கால் முட்டும் தூரத்தில் உட்கார வைத்து வாசியுங்கள். மற்ற பாதி வரையட்டும். அடுத்த நாள் மாற்றிக்கொள்ளலாம். சின்னக் கூட்டத்துக்கு வாசிப்பது எப்படியும் நல்லது.

இடையில் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம், அளவாக. 1988இல் நியூயார்க் பக்கத்தில் ஒயிட்ஹர்ஸ்ட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் சின்னக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். பெற்றோர் வெறுமனே வாசிக்காமல், "இது என்ன பண்ணுது? அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டு, பிள்ளை சொன்னதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லி வாசித்தால் பிள்ளையின் பேச்சு வேகமாக வளர்வதைப் பார்த்தார்கள். அது வீட்டில், ஒரு பெரியவரும் ஒரு குழந்தையுமாகச் செய்தது. முப்பது பேரோடு அப்படியே செய்தால் கதை அறுந்துபோகும். ஒரு புத்தகத்துக்கு இரண்டு மூன்று இடம் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை விடுங்கள். "நீயா இருந்தா என்ன பண்ணுவ?" என்றால் கை தூக்காத பிள்ளையும் பேசும்.

கடைசியில் கதையின் நீதி என்ன என்று கேட்க வேண்டாமா?

வேண்டாம். தினமும் கேட்டால், கதை முழுக்க அந்தப் பதிலைத் தேடுவதிலேயே பிள்ளைகளின் கவனம் போய்விடும். "பொய் சொல்லக் கூடாது, டீச்சர்" என்று கதை பாதியில் இருக்கும்போதே சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா இருங்கள். யாராவது ஏதாவது சொல்வார்கள், அங்கிருந்து பேச்சு போகட்டும்.

அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

வாசியுங்கள். மூன்றாம் முறை வரும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விட்டுவிடுங்கள், அவர்கள் முடிப்பார்கள்.

ஒருவன் மட்டும் உட்காரவே மாட்டேன் என்கிறான். கூட்டத்தைக் கலைக்கிறான்.

கையில் ஏதாவது கொடுங்கள். களிமண், நூல்கண்டு, கிரையான் எதுவானாலும் சரி. உடம்பு அசைந்தாலும் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பக்கம் திருப்பும் வேலையை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். தண்டனையாக அவனை வாசிப்பு நேரத்திலிருந்து வெளியே அனுப்பக் கூடாது, இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனம் இல்லை. வீட்டில் கதை கேட்க வாய்ப்பில்லாத பிள்ளையாகத்தான் பெரும்பாலும் அவன் இருப்பான்.

ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கான புத்தகம் எடுப்பது?

நடு வகுப்புக்கு எடுங்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் ஏமாற்றாத படம் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒன்றாம் வகுப்புக்கு வாசிக்கட்டும். முதல் நாளே புத்தகத்தைக் கொடுத்துப் பழகச் சொல்லுங்கள், திடீரென்று கையில் திணித்தால் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு அவமானமாகிவிடும்.

திருப்பூரில் எங்கள் வகுப்பில் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்க் கதை எப்படிப் புரியும்?

பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கிடைக்கும் இடம் நம் வகுப்புதான். படமே கதையைச் சொல்லிவிடும் புத்தகமாக, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் புத்தகமாக எடுங்கள். திரும்ப வரும் வரியை வகுப்பே சேர்ந்து சொல்லும்போது அந்தப் பிள்ளையும் சேர்ந்து சொல்லும், யாரும் தனியாகப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்டோரிவீவரில் ஒரே கதை பல மொழிகளில் இருக்கும். தமிழில் வாசிக்கப் போகும் கதையின் இந்தி அல்லது ஒடியா வடிவம் கிடைத்தால், அதைப் படிக்கத் தெரிந்த அக்காவையோ அம்மாவையோ முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். மாநிலம் விட்டு வந்து, கம்பெனிக்கும் ரூமுக்குமாக அலையும் ஒரு தாய் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தால், அந்தப் பிள்ளை அன்று நிமிர்ந்து உட்கார்வதைப் பார்க்கலாம். தாளவாடி மலையில் கன்னடம் பேசும் பிள்ளைகளுக்கும் இதே வழிதான்.

ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. யூடியூபில் கதை போட்டால் போதாதா?

போதாது. வீடியோ பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிற்காது. எங்கே புருவம் சுருங்கியது, எங்கே சிரிப்பு வந்தது என்று பார்த்து வேகத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் ஆளால்தான் முடியும். ஆனால் போர்டை ஒதுக்க வேண்டியதும் இல்லை. சத்தத்தை அணைத்துவிட்டுப் புத்தகப் பக்கத்தை மட்டும் பெரிதாகக் காட்டி, நீங்கள் நின்று வாசியுங்கள். எழுத்தின் அடியில் விரலோ குச்சியோ ஓடட்டும். பின்வரிசைப் பிள்ளைக்கும் எழுத்து தெரியும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே படிப்பார்களே, அவர்களுக்கும் வேண்டுமா?

வேண்டும், இங்கேதான் நாம் சீக்கிரம் விட்டுவிடுகிறோம். இவர்களுக்கு நீளமான கதையைத் தொடராக வாசியுங்கள், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். சிக்கலான இடத்தில் நிறுத்திவிட்டு மூடுங்கள். அடுத்த நாள் பெல் அடிக்கும் முன்பே "சீக்கிரம் வாங்க சார்" என்று இழுத்துக்கொண்டு போவார்கள்.

பொறுமை இருக்காது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது இரவிரவாக உட்கார்ந்து உடுக்கடிப் பாட்டில் பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் அண்ணமார் கதை கேட்ட ஊர். 1965இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் அந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பல இரவுகள் நீண்ட கதை அது. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர்வதும், ஊரே காத்திருப்பதும் நம் தாத்தா காலத்துப் பழக்கம். நல்ல கதையாக இருந்தால் பத்து வயதுப் பிள்ளை ஒரு மாதம் காத்திருக்கும்.

சாவு, பிரிவு வரும் கதைகளைத் தவிர்க்கலாமா?

எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டாம். வகுப்பில் அப்பா இல்லாத பிள்ளை இருக்கும், குடியால் கலைந்த வீடு இருக்கும். அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் இருப்பது புத்தகத்தில் மட்டும் இல்லாமல் போனால், புத்தகம் வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்துக்கொள்ளும். ஆனால் துக்கம் நடந்த புதிதில் வேண்டாம். வாசிக்கும் நாளில் அந்தப் பிள்ளையை முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டு, "இந்தக் கதையில ஒரு தாத்தா இறந்துபோறாரு, கேக்கறியா, வேற படிக்கலாமா சாமி?" என்று கேட்டுவிடுங்கள். அழுதால் அழட்டும். மற்றவர்கள் முன்னால் "ஏன் அழுகிறாய்" என்று கேட்காதீர்கள்.

எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. மில்லுக்குப் போய்ட்டு வர்றதுக்கே எட்டு மணி ஆயிருது. வீட்டில் நான் என்ன செய்வது?

பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டது. பிள்ளை வகுப்பில் கேட்ட கதையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள், சோறு போட்டுக்கொண்டே கேளுங்கள். "அப்புறம் என்னாச்சு?" என்று நீங்கள் கேட்பதே பெரிய உதவி. படப் புத்தகம் வீட்டுக்கு வந்தால் படத்தைப் பார்த்து உங்களுக்குத் தோன்றிய கதையைச் சொல்லுங்கள், எழுத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. அப்புச்சியும் அம்மிச்சியும் வீட்டில் இருந்தால் அவர்களுக்குத் தெரிந்த கதைகள் இருக்கும், பிள்ளையை அவர்களிடம் விடுங்கள்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பதிவேட்டில் எதைக் காட்டுவது?

தேதி, புத்தகத்தின் பெயர், ஒரு பிள்ளை சொன்ன ஒரு வரி. இதை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அதிகாரி வந்தால் அதைக் காட்டலாம். சில மாதம் கழித்துப் புரட்டினால் பிள்ளைகளின் வரிகள் நீண்டிருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். இடைவேளையில் யாரும் சொல்லாமல் ஒரு பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகவாவது பிடித்து இன்னொன்றுக்கு "வாசித்துக்" காட்டினால், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தேர்வு மட்டும் வைக்காதீர்கள்.

பிள்ளைகள் கையில் கொடுத்தால் புத்தகம் கிழிந்துவிடுமே?

கிழியும். வாசித்த புத்தகத்தை அன்றே பீரோவில் பூட்டாமல், பிள்ளைகள் எட்டும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது பழைய மேசை மேல் அட்டை தெரியும்படி வையுங்கள். நீங்கள் வாசித்த புத்தகத்தைத்தான் அவர்கள் முதலில் எடுப்பார்கள். அட்டையின் முதுகுப் பகுதிக்கு வாங்கிய அன்றே துணி ஒட்டிய டேப் போட்டுவிட்டால் இரண்டு வருடம் கூடுதலாக வரும். கிழிந்த பக்கத்தைக் கிழித்த பிள்ளையோடு சேர்ந்தே ஒட்டுங்கள். மைதாப் பசையும் மெல்லிய வெள்ளைத் தாளும் போதும், செலோ டேப் நாளடைவில் மஞ்சளாகி எழுத்தை மறைத்துவிடும். திருத்தவே முடியாத அளவுக்குப் போன புத்தகத்தின் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டி வைத்தால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றை வரிசைப்படுத்திக் கதை சொல்லப் பயன்படும்.